கடல் சொல்லும் மழைக்கணக்கு: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் நமக்கு வரும் கடிதங்களில் பாதி மழையைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலிருந்து வந்த சில கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அதனால் பூச்சி, உரம், கால்நடை பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம்.

"தூத்துக்குடி கடலில் அலையில் இயங்கும் மிதவை போட்டிருக்கிறார்கள், அது மழையை முன்கூட்டியே சொல்லிவிடும் என்கிறான் என் மகன். எங்கள் தோப்பு மலையடிவாரத்தில் இருக்கிறது. மேகம் மலையில்தான் இறங்குகிறது. கடலில் மிதப்பதற்கும் எங்கள் தென்னைக்கும் என்ன சம்பந்தம்?"
- தென்னை விவசாயி, சேத்தூர், ராஜபாளையம் வட்டம்

உங்கள் மகன் சொன்னதில் இரண்டு வேறு வேறு மிதவைகள் கலந்துவிட்டன. இரண்டுமே உண்மையில் இருப்பவைதான். முதலில் உங்கள் தென்னைக்குச் சம்பந்தப்பட்டதைப் பார்ப்போம்.

மேகம் இறங்குவது மலையில் என்றாலும், அதில் உள்ள தண்ணீர் கடலில் இருந்து வந்தது. நம் மாவட்டத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டிப் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. அது வங்கக் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று. ராஜபாளையத்தில் இருந்து தூத்துக்குடிக் கரை நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர்தான். கடலில் ஒரு தாழ்வு நிலை உருவானால் ஓரிரு நாளில் அதன் மேகம் நம் தலைக்கு மேல் வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தாழ்வு நிலை பிறக்கும் இடத்தில் ஆள் கிடையாது. தரையில் தாலுகா தோறும் மழைமானி இருக்கிறது. நடுக்கடலில் யார் போய் அளப்பது? கப்பல்கள் சொல்லலாம். ஆனால் புயல் என்றால் கப்பல்தான் முதலில் விலகிப் போகும். எந்த இடத்தின் கணக்கு மிகவும் தேவையோ, அந்த இடம் காலியாகக் கிடக்கும்.

அந்த இடத்தை நிரப்பத்தான் மிதவைகள். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1996-ல் இந்த மிதவைத் திட்டத்தைத் தொடங்கியது. வங்கக் கடலில் உள்ள மிதவைகளுக்கு 'பி.டி.' என்றும், அரபிக் கடலில் உள்ளவற்றுக்கு 'ஏ.டி.' என்றும் எண் போட்டிருக்கிறார்கள். முளையில் கட்டிய மாடு போல, கடலடியில் நங்கூரம் போட்டு நிறுத்திவைத்த மிதவைகள் இவை. சில இடங்களில் கடலின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். மிதவையின் மேலே உள்ள கம்பத்தில் காற்றின் வேகம், காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், மழை எல்லாம் அளக்கும் கருவிகள் இருக்கும். கீழே தொங்கும் வடத்தில், 500 மீட்டர் ஆழம் வரை கடல் நீரின் சூட்டையும் உப்பையும் அளக்கும் கருவிகளைக் கோத்திருப்பார்கள். எல்லாக் கணக்கும் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு வந்துவிடும்.

'செயற்கைக்கோளே மேலிருந்து பார்க்கிறதே, மிதவை எதற்கு?' என்று கேட்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மேலே படியும் ஆடையைத் தொட்டுப் பார்த்து அடியில் உள்ள பாலின் சூட்டைச் சொல்ல முடியாது. செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் ஆடையை மட்டும். புயலுக்குத் தீனி, கடலின் சூடு. மேல்மட்டம் சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் புயல் உருவாக வாய்ப்பு. அந்தச் சூடு மேலோட்டமாக மட்டும் இருந்தால், காற்று கடலைக் கலக்கும்போது அடியில் உள்ள குளிர்ந்த நீர் மேலே வந்து புயலின் வேகத்தைத் தணித்துவிடும். சூடு ஆழம் வரை இருந்தால் புயல் கொழுக்கும். இதை அறிய, நீருக்குள் கருவி இருந்தே ஆக வேண்டும்.

இனி, தூத்துக்குடியில் மிதந்த மற்றொன்று. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2022 நவம்பரில், தூத்துக்குடிக் கரையில் இருந்து சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், 20 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் 'சிந்துஜா-1' என்ற கருவியை நிறுத்திச் சோதித்தார்கள். அது மழை சொல்லும் கருவி அல்ல. அலையில் இருந்து மின்சாரம் எடுக்கும் கருவி. நடுவில் துளையுள்ள ஒரு மிதவை, அந்தத் துளை வழியாக இறங்கும் நீண்ட தண்டு. அலை வந்தால் மிதவை ஏறி இறங்கும். தண்டு அவ்வளவாக அசையாது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள அசைவுதான் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. ஐ.ஐ.டி.க்கு இது புதிய ஆசை இல்லை. 1991-லேயே திருவனந்தபுரம் அருகே விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட் அலை மின்நிலையம் ஒன்றை அமைத்துக் காட்டியவர்கள் அவர்கள்.

இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. நம் வானிலை மிதவைகள் ஓடுவது சூரிய மின்தகட்டிலும் பேட்டரியிலும். நடுக்கடலில் இருக்கும் கருவிக்கு அலையில் இருந்தே மின்சாரம் கிடைத்தால், மேகம் மூடிக் கிடக்கும் மழைக்காலத்துக்கு அது பெரிய துணை. சூரியன் ஒளிந்துகொள்ளும் அந்த நாட்களில்தான் அலை உயரும்.

"எங்கள் ஆசிரியர், கடலில் எரிபொருள் இல்லாமல் தானாகவே ஓடும் ரோபோ மிதவை இருப்பதாகச் சொன்னார். அலை மேலும் கீழும்தானே போகும்? மிதவை எப்படி முன்னே போகும்?"
- பிளஸ் டூ மாணவி, மம்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம்

நல்ல கேள்வி, மகளே. பதில் டால்பினின் வாலில் இருக்கிறது. மீன்கள் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். டால்பின் மேலும் கீழும் அடிக்கும். அடிப்பது மேலும் கீழும் என்றாலும், போவது முன்னே.

'வேவ் கிளைடர்' என்ற மிதவையில் இரண்டு பாகங்கள். மேலே ஒரு பலகை. கீழே, சில மீட்டர் ஆழத்தில், வரிசையாகத் துடுப்புகள் வைத்த ஒரு சட்டம். இரண்டையும் ஒரு வடம் இணைக்கிறது. கடலின் மேற்பரப்பு எவ்வளவு குதித்தாலும், கீழே போகப் போக நீர் அடங்கிக் கிடக்கும். அலை பலகையைத் தூக்கும்போது, அடியில் உள்ள சட்டமும் மேலே இழுபடும். அப்போது துடுப்புகள் சாய்ந்து நீரைப் பின்னால் தள்ளும். அலை இறங்கும்போது சட்டம் தன் எடையால் கீழே போகும். துடுப்புகள் மறுபக்கம் சாய்ந்து, மறுபடியும் நீரைப் பின்னால்தான் தள்ளும். ஏறினாலும் முன்னே, இறங்கினாலும் முன்னே. ஓடுவதற்கு ஒரு சொட்டு டீசல் வேண்டாம். கருவிகளுக்கு மட்டும் மேல் பலகையில் சூரிய மின்தகடு உண்டு. வேகம், மனிதன் மெல்ல நடக்கும் அளவுதான். கரையில் இருந்தபடி செயற்கைக்கோள் வழியாகத் திசை மாற்றலாம்.

இதன் பிறப்பும் சுவையானது. ஹவாய்த் தீவில் ஒருவர் திமிங்கலத்தின் குரலைக் கேட்பதற்காக, ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும் மிதவை வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதில் இருந்து 2007-ல் அமெரிக்காவில் லிக்விட் ரோபாட்டிக்ஸ் என்ற நிறுவனம் உருவானது. 2011 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து நான்கு மிதவைகளைப் பசிபிக் கடலில் இறக்கிவிட்டார்கள். அவற்றில் 'பாப்பா மாவ்' என்ற மிதவை 16,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 2012 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையை அடைந்தது. அதே 2012 அக்டோபரில் அமெரிக்காவை சாண்டி புயல் தாக்கியபோது, இன்னொரு மிதவை நியூஜெர்சிக்கு அப்பால் கடலில் இருந்தபடியே காற்றழுத்தம் சரிவதை அனுப்பிக்கொண்டிருந்தது. மனிதர்கள் போகக்கூடாத இடத்தில் ஒரு காவல்காரன்!

நங்கூரம் போட்ட மிதவை நின்ற இடத்துக் கணக்கைத்தான் சொல்லும். அலையில் ஓடுவதைத் தேவையான இடத்துக்கு அனுப்பலாம். இவை போக 'ஆர்கோ' என்று ஒரு வகையும் உண்டு. உலகக் கடல்களில் சுமார் 4,000 மிதக்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை மூழ்கி எழுந்து, கணக்கை அனுப்பும். நம் நாட்டில் இந்த வேலையைக் கவனிப்பது ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம்.

"ஐயா, போன ஐப்பசியில் பருத்திக்கு மேலுரம் வைக்க ஆள் சொல்லியிருந்தோம். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று செய்தியில் சொன்னார்கள். நம்பி நிறுத்தினோம். ஒரு தூறல் இல்லை. ஆட்களுக்குச் சொன்ன வார்த்தையும் போச்சு. 'இனி இதைக் கேட்கவே வேண்டாம்' என்று அடுத்த வாரம் உரம் வைத்தோம். அன்று ராத்திரியே கொட்டித் தீர்த்து அத்தனை யூரியாவையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. இவ்வளவு கருவி இருந்து எங்களுக்கு என்ன லாபம்?"
- பருத்தி விவசாயி, ஸ்ரீவில்லிபுத்தூர்

அம்மா, இந்த இதழின் முக்கியமான கேள்வி உங்களுடையதுதான். கருவி கடலில் சரியாக அளந்தாலும், அது சொல்வது நமக்குப் புரிகிற மாதிரி வந்து சேரவில்லை என்றால் லாபம் இல்லை. அதனால் முதலில் அந்த வார்த்தைகளின் அர்த்தத்தைப் பார்ப்போம்.

வானிலை ஆய்வு மையத்தில் 'ஓரிரு இடங்களில்' என்பது சும்மா சொல்லும் பேச்சு அல்ல. ஒரு பகுதியில் உள்ள மழைமானிகளில் நான்கில் ஒரு பங்கு வரை மழை பதிவாகலாம் என்பது அதன் கணக்கு. 'ஒரு சில இடங்களில்' என்றால் பாதி வரை. 'பல இடங்களில்' என்றால் முக்கால் பங்கு வரை. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் அதற்கும் மேல். ஆக, 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று சொன்ன அன்று, நான்கு ஊரில் மூன்று ஊர் நனையாமல் இருந்தாலும் முன்னறிவிப்பு பொய் ஆகாது. நீங்கள் அந்த மூன்றில் ஒரு ஊர்.

அளவுக்கும் கணக்கு உண்டு. ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை. 115.6-ல் இருந்து மிக கனமழை. 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை.

இந்த இரண்டு வார்த்தைகளையும் சேர்த்துக் கேட்ட பிறகு, இன்னொரு கணக்கை நீங்களே போட வேண்டும். மழைக்குப் பயந்து வேலையைத் தள்ளிப்போட்டால் நட்டம் எவ்வளவு? தள்ளிப்போடாமல் மழை வந்துவிட்டால் நட்டம் எவ்வளவு? உங்கள் கதையில், முதல் வாரம் போனது ஆட்களின் ஒரு நாள். இரண்டாம் வாரம் போனது யூரியா, அதை வைத்த கூலி, பயிருக்குக் கிடைக்க வேண்டிய சத்து மூன்றும். முதல் நட்டம் சிறியது. அது தந்த கோபத்தில் இரண்டாம் வாரம் முன்னறிவிப்பைக் கேட்காமல் விட்டதுதான் பெரிய நட்டத்தைக் கொண்டுவந்தது. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு தடவை பொய்த்ததும் காதை மூடிக்கொள்வது எல்லோரும் செய்கிற காரியம். அதில்தான் பணம் போகிறது.

எல்லா வேலைக்கும் ஒரே கணக்கு ஆகாது. மேலுரம், பூச்சி மருந்து, களைக்கொல்லி இவற்றில் போட்டது கழுவிப் போனால் திரும்பாது. அதனால் வாய்ப்பு குறைவாகச் சொன்னாலும் இரண்டு நாள் பொறுப்பது நல்லது. உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து வைத்தால், ஒரு தடவை போனாலும் மீதி கையில் இருக்கும். விதைப்பு அதற்கு நேர் எதிர். 'ஓரிரு இடங்களில்' மழை என்பதை நம்பி மானாவாரியில் விதையை இறக்கினால், விதை முளைத்துக் காய்ந்துவிடும். அதற்கு 'பல இடங்களில்' என்ற சொல்லுக்காகக் காத்திருக்கலாம். வெடித்த பருத்தி, களத்தில் கிடக்கும் தானியம் என்றால், அன்றைய காலை எச்சரிக்கையைப் பார்த்தாலே போதும்.

மத்திய அரசின் 'மேக்தூத்' செயலியில் தமிழிலேயே வானிலையும் பயிர் ஆலோசனையும் கிடைக்கும். செவ்வாய், வெள்ளி ஆகிய கிழமைகளில் புதுப்பிக்கிறார்கள். பிள்ளைகளின் கைப்பேசியில் பதிவிறக்கச் சொல்லுங்கள். பருத்தியில் எந்தப் பருவத்தில் எவ்வளவு உரம் என்ற சந்தேகம் இருந்தால், உங்கள் ஊரிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். ரகங்களை வெளியிட்டவர்கள் அவர்கள்தான். நேரில் போய்க் கேட்கலாம்.

முன்னறிவிப்புக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக் கடல் பகுதியில் நின்ற ஒரு வளிமண்டலச் சுழற்சியால், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது புயல்கூட இல்லை. 'கனமழை வரும்' என்று சொல்ல முடிகிறது. 'இந்த ஊரில் இத்தனை சென்டிமீட்டர்' என்று முன்கூட்டிச் சொல்வது இன்னும் கைவராத வேலை. 2017 நவம்பர் கடைசியில் உருவான ஒக்கி, ஒரு நாள் அவகாசத்தில் புயலாக வலுத்தது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் எத்தனையோ மீனவக் குடும்பங்கள் ஆண்களை இழந்தன. இப்படிப்பட்ட கடலில் கண்கள் கூடக் கூடத்தான் அவகாசமும் கூடும்.

"இந்த ஆண்டு எல் நினோ என்றாலே பயமாக இருக்கிறது. எல் நினோ என்று சொன்னால் நெல்லை விட்டுவிட வேண்டுமா?"
- நெல், மா விவசாயி, ராஜபாளையம்

எல் நினோ என்பது பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாவது. 1982-83-ல் மிகக் கடுமையான எல் நினோ வந்தபோது, அது கிட்டத்தட்ட உச்சத்தை எட்டும்வரை விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை. கடலில் அளக்கக் கருவி இல்லாததுதான் காரணம். அந்த அனுபவத்துக்குப் பிறகு, பசிபிக்கின் நடுக்கோட்டை ஒட்டிச் சுமார் 70 மிதவைகளைப் பத்து ஆண்டுகள் பாடுபட்டு நிறுத்தினார்கள். 1994-ல் வேலை முடிந்தது. இப்போது நீங்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே எல் நினோ என்ற சொல்லைக் கேட்பதற்கு அந்த மிதவைகள் ஒரு காரணம்.

நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழையை எல் நினோ பல தடவை குறைத்திருக்கிறது. ஆனால் நம் வடகிழக்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் சாதகமாகவே இருந்திருக்கிறது. 2015 எல் நினோ ஆண்டு. அந்த ஆண்டுதான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. மறு ஆண்டு 2016-ல் எல் நினோ விலகிவிட்டது. இந்தியப் பெருங்கடலின் சூடும் நமக்குப் பாதகமான பக்கம் சாய்ந்தது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவிகிதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையை நம் தென்னை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். சரி, எல் நினோ இல்லையென்றால் மழையும் இல்லை என்று முடிவு கட்டலாமா? அதுவும் கூடாது. 2021-ல் எல் நினோவுக்கு நேர் எதிரான லா நினா. மழையோ இயல்பைவிட மிக அதிகம்.

ஆகவே பருவத்துக்கான கணிப்பு என்பது சாய்வைச் சொல்கிறது, தீர்ப்பைச் சொல்வதில்லை. அதை வைத்து நெல்லை விடுவதும் வேண்டாம், கடன் வாங்கிக் கூடுதலாகப் போடுவதும் வேண்டாம். நெல்லுக்குக் கண்மாயில் கிடக்கும் தண்ணீரும் கிணற்றின் மட்டமும்தான் முதல் சாட்சி. அவை குறைவாக இருந்து, கணிப்பும் பாதகமாக இருந்தால், பரப்பைக் குறைத்துக் குறுகிய கால ரகத்துக்குப் போகலாம்; மீதியில் மக்காச்சோளம், பயறு வகை பார்க்கலாம்.

"என் மாப்பிள்ளை தூத்துக்குடியில் விசைப்படகில் போகிறார். மிதவைக்குப் பக்கத்தில் மீன் நன்றாகக் கிடைக்கும் என்கிறார். அதற்குப் பக்கத்தில் போகலாமா?"
- வாசகர், தளவாய்புரம்

அவர் சொல்வது உண்மை. மிதவையின் நிழலிலும் அதில் படியும் பாசியிலும் சிறு மீன்கள் கூடும். அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வரும். அதனால் படகை மிதவையில் கட்டுவது, பக்கத்தில் வலை வீசுவது, சில சமயம் மின்தகட்டையும் கருவியையும் கழற்றுவது எல்லாம் நடந்து, மிதவைகள் ஊமையாகிவிடுகின்றன. ஒன்றைச் சரிசெய்ய 'சாகர் நிதி' போன்ற ஆய்வுக் கப்பல் கிளம்பிப் போக வேண்டும். அதுவரை அந்த இடம் குருடு. பசிபிக்கிலேகூட, 2012-க்குப் பிறகு பராமரிப்புக் கப்பல் இல்லாமல் போனதால் பாதிக்கும் மேற்பட்ட கணக்குகள் வராமல் நின்றன. மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்: அந்த மிதவையின் கணக்கு முதலில் காப்பாற்றுவது கடலில் இருக்கும் அவரை, பிறகுதான் கரையில் இருக்கும் நம் பயிரை.

வீட்டிலேயே மழைமானி

கடலில் ஆயிரம் கருவி இருந்தாலும், உங்கள் வயலில் எவ்வளவு பெய்தது என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும். செலவு எதுவும் இல்லை.

- மேலிருந்து அடிவரை ஒரே அகலமாக, அடி தட்டையாக உள்ள பாத்திரம் அல்லது பிளாஸ்டிக் ஜாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அகன்று அடி குறுகியது கணக்கைக் கெடுக்கும்.
- மரம், வீட்டுச் சுவர் இவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி, திறந்த வெளியில் சாயாமல் நிறுத்துங்கள்.
- தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே அளவுகோலை விட்டுப் பாருங்கள். வானிலை மையமும் அந்த நேரத்தில்தான் கணக்கை முடிக்கிறது. குறித்துக்கொண்டு நீரைக் கொட்டிவிடுங்கள்.
- 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். அடுத்த பாசனத்தை எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்பதை இதை வைத்து முடிவு செய்யலாம்.
- பக்கத்துக் கட்டத்தில், அன்றைக்கு என்ன முன்னறிவிப்பு வந்தது என்றும் எழுதுங்கள். ஒரு பருவம் முடிந்ததும், 'ஓரிரு இடங்களில்' என்று சொன்ன நாட்களில் உங்கள் ஊர் எத்தனை தடவை நனைந்தது என்பது உங்கள் நோட்டிலேயே இருக்கும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஏற்கெனவே இப்படிக் கணக்கு வைத்திருப்பவர்கள், தை மாத முதல் இதழுக்கு முன்பாக நமக்கு எழுதி அனுப்புங்கள். மலையடிவாரத்துக்கும் கீழ்ப்பகுதிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒப்பிட்டு வெளியிடுவோம்.